கருஞ்சாம்பல் வாலாட்டி இந்த வருடம் முன்கூட்டியே வடக்கே போய்விட்டதா? (ஏற்காடு)

ஓடைக்கரை | மார்ச் 8

எல்லோருக்கும் வணக்கம். ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். ஏரி நிறைந்து வழிந்தால் கிளியூர் அருவிப் பக்கம் தண்ணீர் இறங்குமே, அந்த ஓடையை ஒட்டித்தான் வீடு. பறவை பார்ப்பதில் நான் பெரிய ஆள் கிடையாது, கேமரா இல்லை, அண்ணன் கொடுத்த ஒரு பழைய பைனாகுலர் இருக்கிறது, அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு.

விஷயம் இதுதான். எங்கள் துவைக்கிற கல்லில் ஒரு கருஞ்சாம்பல் வாலாட்டி மூன்று குளிர்காலமாக வருகிறது. அதே பறவைதானா என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் அதே கல், அதே நேரம். காலையில் ஆறரைக்கு நான் டம்ளரோடு பின்கதவைத் திறந்தால் அது கல்லின் ஈர ஓரத்தில் நிற்கும், வால் மேலும் கீழும் ஓயாமல் ஆடும், நான் ஓர் அடி கூட வைத்தால் "சிச்சிக்" என்று கத்திவிட்டு ஓடை வளைவு வரைக்கும் அலை அலையாகப் பறந்து போய் உட்காரும். பறக்கும்போது வால் தொடங்கும் இடத்தில் அந்த மஞ்சள் பளிச்சென்று தெரியும். இந்த பிப்ரவரி 20ஆம் தேதி பார்த்தபோது தொண்டையில் கரித்தூள் ஒட்டின மாதிரி இரண்டு மூன்று கறுப்புப் புள்ளிகள் வந்திருந்தன. முதலில் அழுக்கு என்று நினைத்தேன். மூன்று நாள் கழித்து இன்னும் கூடியிருந்தது.

மார்ச் 3ஆம் தேதியிலிருந்து காணோம். நோட்டில் பார்த்தால், போன வருடம் கடைசியாகப் பார்த்தது மார்ச் 29, அதற்கு முந்தின வருடம் மார்ச் 26. ஏறக்குறைய மூன்றரை வாரம் முந்திவிட்டது. வெயில் இந்த வருடம் சீக்கிரமே ஏறிவிட்டது, அதனால்தான் கிளம்பிவிட்டதா? வடக்கே முன்கூட்டியே வசந்தம் வந்துவிட்டது என்று இதற்கு எப்படித் தெரியும்?

இன்னொன்று. பிப்ரவரி 28 அன்று சேர்வராயன் கோயில் போகிற வழியில் ஒரு சில்வர் ஓக் உச்சியில், மொட்டைக் குச்சியில், உடம்பு முழுக்க நீலமாக ஒரு சின்னப் பறவை. மயில் கழுத்து மாதிரியான அடர் நீலம் இல்லை, செம்புப் பாத்திரத்தில் பச்சை பூத்தால் வருமே அந்தச் சாயல் கலந்த நீலம். வெளியே பாய்ந்து எதையோ பிடித்துக்கொண்டு அதே குச்சிக்கே திரும்பி வந்தது. பதினைந்து வருடத்தில் நான் இதைப் பார்த்ததே இல்லை. அரிய பறவையா?

வேறொரு குழுவில் கேட்டேன், "வாலாட்டியில் என்ன இருக்கிறது, அது எங்கேயும்தான் இருக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை, அதனால் இங்கே.

---

மூக்கனேரி மாலை | மார்ச் 8

அண்ணா, அந்த ஒரு வரிப் பதிலை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். மூன்று வருடம் ஒரே கல்லைப் பார்த்துத் தேதி எழுதின ஆள் நம் மாவட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்!

நான் கன்னங்குறிச்சி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெரும்பாலான நாட்களில் ஏரிக்கரையில் ஒரு நடை. இங்கே இன்னும் யாரும் கிளம்பின மாதிரி தெரியவில்லை. சூறைக்குருவிகள் சாயங்காலம் கூட்டம் கூட்டமாக இறங்குகின்றன, நேற்று கல்யாண முருங்கைப் பூவில் தேன் குடித்துக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். நவம்பரில் அழுக்கு ரோசாவாக இருந்ததெல்லாம் இப்போது நல்ல ரோசா நிறம் ஆகியிருக்கிறது. இறகின் ஓரத்தில் இருக்கும் மங்கலான விளிம்பு தேய்ந்து தேய்ந்து உள்ளே இருக்கிற நிறம் வெளியே வருகிறது, புது இறகு முளைத்து வருவதில்லை. ஊருக்குப் போகிற நேரத்துக்குச் சரியாகப் புதுச் சட்டை தயாராகிவிடுகிறது. அவை மத்திய ஆசியப் புல்வெளி வரைக்கும் போக வேண்டும், ஆனால் ஏப்ரல் வரைக்கும் இங்கே இருக்கும்.

உங்கள் வாலாட்டியின் தொண்டைக் கறுப்பும் அதே கதைதான், ஆனால் இது இறகு உதிர்த்து மாற்றுவது. ஆண் பறவைக்கு இனப்பெருக்கக் காலத்தில் தொண்டை முழுக்கக் கறுப்பாகும், அதன் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு இருக்கும். அந்த மாற்றம் தொடங்கும்போதே நீங்கள் பார்த்துவிட்டீர்கள். தேதியோடு எழுதி வைத்திருக்கிறீர்கள் என்றால் அதை அப்படியே ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தின் குறிப்புப் பகுதியில் போடுங்கள், படம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

---

அணைமேட்டுக் கிழவர் | மார்ச் 9

தம்பி, முதலில் நீலப் பறவை. நீங்கள் சொன்ன செம்புப் பச்சை, உச்சிக் குச்சி, பாய்ந்துவிட்டு அதே இடத்துக்குத் திரும்புவது, மூன்றையும் சேர்த்தால் நீலமேனி ஈப்பிடிப்பான் என்றுதான் சொல்வேன். இமயமலைக் காடுகளில் கூடு கட்டும், குளிருக்கு நம் தெற்கு மலைகளுக்கு வரும். அலகுக்கும் கண்ணுக்கும் நடுவில் கறுப்புத் திட்டு இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். நெஞ்சில் ஆரஞ்சு இருந்திருந்தால் வேறு ஈப்பிடிப்பான், அது தோட்டத்துக்குள் தாழ்வான கிளையில்தான் பெரும்பாலும் உட்காரும், இப்படி மொட்டை உச்சியில் விளம்பரத்துக்கு நிற்காது. நீலகிரி ஈப்பிடிப்பானையும் இதோடு குழப்பிக்கொள்வார்கள், அதன் நீலம் இன்னும் கருநீலம், அடிவயிறு வெளுத்திருக்கும். ஏற்காட்டில் தினமும் பார்க்கிற பறவை இல்லை, பதிவு செய்யுங்கள். உங்கள் வர்ணனை ஒரு மங்கலான படத்தைவிட நன்றாக இருக்கிறது, அதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுங்கள்.

வாலாட்டி விஷயத்தில் நான் உடனே "சீக்கிரம் கிளம்பிவிட்டது" என்று சொல்ல மாட்டேன். மேட்டூரில் முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்கு ஒரு விஷயம் தாமதமாகத்தான் புரிந்தது. ஒரு பறவை வந்த தேதியை எழுதுவது சுலபம், பார்த்த அன்றே எழுதிவிடலாம். போன தேதியை அப்படி எழுத முடியாது. கடைசியாகப் பார்க்கிற அன்றைக்கு அது கடைசி என்று நமக்குத் தெரியாதே! நாலு நாள் கழித்துத்தான் "அட, காணோமே" என்று உறைக்கும். அந்த நாலு நாளில் நாம் நன்றாகத் தேடினோமா என்பதுதான் கேள்வி.

அதனால் கேட்கிறேன், ஓடையில் தண்ணீர் இருக்கிறதா? ஏரி வழியவில்லை என்றால் உங்கள் ஓடைக்கு வரத்தே கிடையாது. கல் காய்ந்தால் ஈர ஓரத்துப் பூச்சி இருக்காது, பூச்சி இல்லாத இடத்தில் வாலாட்டிக்கு என்ன வேலை? நெடும்பயணத்துக்கு முன்னால் அது கொழுப்பு சேர்க்க வேண்டும், ஒரு நாளைக்கூட வீணாக்காது. கீழே எங்கேயாவது குட்டை தேங்கியிருந்தால் அங்கே போயிருக்கும். அருவிப் பக்கம் இறங்கி ஒரு தரம் பார்த்துவிட்டு வாருங்கள், பாறை வழுக்கும், தனியாகப் போக வேண்டாம்.

வசந்தம் வந்தது இதற்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள், நல்ல கேள்வி. ஏற்காட்டில் நிற்கிற பறவைக்குக் காஷ்மீரிலோ சைபீரியாவிலோ பனி உருகினது தெரிய வழியில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம் பகல் நீள்வது, அப்புறம் உடம்புக்குள்ளேயே ஓடுகிற ஒரு வருடக் கடிகாரம். நம் சேலத்தில் வருடத்தின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணி இருபது நிமிடம்தான் வித்தியாசம், அந்தச் சின்ன மாற்றத்தையும் அது உணர்கிறது. கூண்டில் அடைத்து வெளிச்சத்தை மாற்றாமலே வைத்திருந்தாலும், போகிற பருவம் வந்ததும் சில கதிர்க்குருவிகள் ராத்திரியில் தூங்காமல் சிறகடித்துக்கொண்டே இருக்கும் என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நம் ஊர் வெயில் ஏறியதால் மட்டும் மூன்றரை வாரம் முந்தும் என்பதை நான் நம்பத் தயங்குகிறேன்.

---

அம்மாப்பேட்டை எஸ்போ | மார்ச் 9

சொந்த ஊர் அம்மாப்பேட்டை, இப்போது எட்டு வருடமாகப் பின்லாந்தில், ஹெல்சிங்கிக்குப் பக்கத்தில் எஸ்போவில் இருக்கிறேன். நீங்கள் அந்தக் கோடியிலிருந்து வழியனுப்புகிறீர்கள், நான் இந்தக் கோடியில் வாசலில் நிற்கிறேன். இந்தத் திரியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இங்கே மார்ச் என்றால் ஊரே வானத்தைப் பார்க்கும். என் வீட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனால் லாயலஹ்தி என்று நாணல் சூழ்ந்த கடல் விரிகுடா, ஒரு பறவைக் கோபுரம் இருக்கிறது, வேலைக்குப் போகிறவர்கள் வழியில் ஏறி ஒரு பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் போவார்கள். போன சனிக்கிழமை நான் போனபோது விரிகுடாவில் பனிக்கட்டி இன்னும் உடையவில்லை. ஆனால் பக்கத்து வயலில் பனி உருகின ஒரு பாய் அளவு கறுப்பு மண்ணில் இரண்டு ஆட்காட்டிகள், நம் ஊர் ஆட்காட்டியின் உறவு, தலையில் நீண்ட கொண்டை வைத்தவை, குளிரில் உடம்பை உப்பிக்கொண்டு நின்றன. பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி என்னைத் தொட்டுக் காட்டினார். இந்த ஊரில் முன்பின் தெரியாதவரைத் தொட்டுப் பேசுவது சாதாரண விஷயமில்லை.

இவர்களிடம் ஒரு பழமொழி இருக்கிறது. வானம்பாடி வந்தால் கோடைக்கு ஒரு மாதம், பின்ச் குருவி வந்தால் அரை மாதம், வாலாட்டி வந்தால் இன்னும் கொஞ்சம், தகைவிலான் வந்தால் ஒரு நாள்கூட இல்லை. வாலாட்டியை வைத்துக் காலத்தை அளக்கிற ஊர் இது, ஆகவே "வாலாட்டியில் என்ன இருக்கிறது" என்று இங்கே யாரும் சொல்ல மாட்டார்கள்.

சீக்கிரம் வருவதைப் பற்றி ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எல்லாப் பறவையும் ஒரே மாதிரி முந்துவதில்லை. ஐரோப்பாவுக்குள்ளேயே குளிரைக் கழிக்கிற வானம்பாடி, ஆட்காட்டி மாதிரியானவை பக்கத்து நாட்டில்தான் இருக்கின்றன, காற்று சூடானால் அவற்றுக்கு அங்கேயே தெரியும், உடனே கிளம்பிவிடும். குளிர் குறைந்த ஆண்டுகளில் வானம்பாடி பிப்ரவரியிலேயே இங்கே பாடத் தொடங்கிவிடும். ஆனால் ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வருகிறவை அந்த அளவுக்கு முந்துவதில்லை, காரணம் ஐயா சொன்னதுதான், அங்கிருந்து இங்குள்ள வானிலை தெரியாது. இதெல்லாம் ஒருவர் இருவர் பார்த்துச் சொன்னது இல்லை. நாட்டின் தெற்கு முனையில் ஹாங்கோ என்ற இடத்தில் 1979 முதல் ஒரு பறவை நிலையம் நடக்கிறது, விடியற்காலையில் ஆட்கள் நின்று எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலும் தன்னார்வலர்கள். அண்ணன் நோட்டில் செய்வதை அவர்கள் நாற்பது வருடத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

முந்தி வருவதில் ஆபத்தும் உண்டு. ஏப்ரலில் திடீரென்று குளிர்காலம் திரும்பி வந்து ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் பனி மூடும், முந்தி வந்த பறவைகள் சாலையோரத்தில், உப்புப் போட்டுப் பனி உருகின இடத்தில், கும்பலாக இரை தேடும். பார்க்கவே கஷ்டமாக இருக்கும். சில திரும்பத் தெற்கே கடல் தாண்டிப் போய்விடும்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்தது. உங்கள் வேலியில், லண்டானா புதருக்குள், நாக்கைச் சொடுக்கின மாதிரி "டக்… டக்" என்று ஒரு சத்தம் குளிர்காலம் பூராவும் கேட்குமே, ஆளே தெரியாமல்? பிளைத் நாணல் கதிர்க்குருவி. மண்ணிறம், ஒரு அடையாளமும் கிடையாது, எடை பத்துப் பன்னிரண்டு கிராம். சின்ன வயதில் அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டு மருதாணிச் செடியில் அதைக் கேட்டிருக்கிறேன், பெயர் தெரியாது. அந்தப் பறவை இங்கே கூடு கட்டுகிறது! மே மாதக் கடைசியில் பின்லாந்துக்கு வரும். ஐரோப்பாவின் மற்றப் பறவைகள் பெரும்பாலும் தென்மேற்கே ஆப்பிரிக்காவுக்குப் போக, இது எதிர்த்திசையில் தென்கிழக்கே நம் பக்கம் வருகிறது. நேர்கோட்டில் அளந்தாலே எஸ்போவிலிருந்து சேலம் கிட்டத்தட்ட 7,000 கிலோமீட்டர்.

இங்கே வந்து சேர்ந்த முதல் வருடம், ஜூன் ராத்திரி பன்னிரண்டு மணி, இருட்டவே இல்லை, எனக்குத் தூக்கம் வராமல் ஓடையோரம் நடந்துகொண்டிருந்தேன். ஒரு புதரில் மற்றப் பறவைகளின் குரலையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு மூன்று தரம் திருப்பிச் சொல்லி ஒன்று பாடிக்கொண்டே இருந்தது. நடுநடுவே அந்த "டக்… டக்". எனக்கு அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது. நம் ஊரில் ஊமை மாதிரி இருக்கிற பறவை இவ்வளவு பாடும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அண்ணா, உங்கள் வேலியில் அந்த "டக்" சத்தம் என்றைக்கு நிற்கிறது என்று எழுதுவீர்களா? நான் இங்கே முதல் நாள் கேட்டதும் எழுதுகிறேன்.

---

நாகலூர்ப் பொண்ணு | மார்ச் 10

நான் கல்லூரியில் படிக்கிறேன், வீடு நாகலூர். எங்கள் தோட்டத்தில் காப்பிச் செடிக்கு அடியில், நிழலில், ஒரு வாலாட்டி நடக்கிறது. ஆனால் வாலை மேலும் கீழும் ஆட்டாமல் இடம் வலமாக ஆட்டுகிறது, நெஞ்சில் இரண்டு கறுப்புப் பட்டை. இதுவும் வெளியூரா?

---

அணைமேட்டுக் கிழவர் | மார்ச் 10

வெளியூர்தான் அம்மா, கொடிக்கால் வாலாட்டி. வாலாட்டிகளில் பக்கவாட்டில் ஆட்டுவது இது ஒன்றுதான். வெற்றிலைக் கொடிக்கால் மாதிரி நிழலான இடத்தில் பார்த்து நம் ஆட்கள் வைத்த பெயர். கிழக்கு ஆசியாவில் கூடு கட்டும், சீனா, கொரியா, சைபீரியாவின் கிழக்குப் பக்கம். நிழல் மரத்தை வெட்டாமல் காப்பி போடுகிற தோட்டம் இருந்தால்தான் அது ஏற்காட்டில் தங்கும், உங்கள் அப்பாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். என்றைக்குக் கடைசியாகப் பார்த்தீர்கள் என்று எழுதி வையுங்கள். பார்க்காத நாளையும் எழுதுங்கள், "தேடினேன், இல்லை" என்று. அது இல்லாமல் கடைசித் தேதிக்கு அர்த்தமே கிடையாது.

---

ஓடைக்கரை | மார்ச் 12

ஐயா, நீங்கள் சொன்னது சரி.

ஞாயிற்றுக்கிழமை அடுத்த வீட்டுத் தம்பியைக் கூட்டிக்கொண்டு ஓடையோடு இறங்கினேன். எங்கள் கல் இருக்கிற இடத்தில் தண்ணீர் சுத்தமாக நின்றுபோய் அடியில் பாசி வெடித்திருக்கிறது. நான் தினமும் பார்க்கிற இடம், ஆனால் பறவை இல்லையே என்று பார்த்தேனே தவிர தண்ணீர் இல்லையே என்று பார்க்கவில்லை. முக்கால் மணி நேரம் இறங்கினால் பாறைக்கு நடுவில் ஒரு குட்டை, ஆலமர வேர் ஒன்று தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறது. அங்கே ஒன்று நின்றது. தொண்டை முழுக்கக் கறுப்பு. எங்களைப் பார்த்ததும் "சிச்சிக்" என்று கத்திவிட்டு அடுத்த பாறைக்குப் போய் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

அதே பறவையா, தெரியாது. ஆனால் "மார்ச் 3 போய்விட்டது" என்று நோட்டில் எழுதினதை அடித்துவிட்டேன், "மார்ச் 3, ஓடை காய்ந்தது" என்று எழுதியிருக்கிறேன். போன வருடமும் அதற்கு முந்தின வருடமும் மார்ச் கடைசி வரைக்கும் தண்ணீர் இருந்ததா என்று வீட்டுக்காரியிடம் கேட்டேன். துணி துவைக்கிறவளுக்குத்தானே தெரியும்! இருந்தது என்கிறாள்.

நீலப் பறவைக்கு அலகுக்கும் கண்ணுக்கும் நடுவில் கறுப்பு இருந்தது, இப்போது நினைவுக்கு வருகிறது. பதிவு செய்துவிட்டேன். கூடுதல் விவரம் கேட்டு ஒருவர் எழுதினார், இங்கே எழுதினதை அப்படியே அனுப்பினேன்.

எஸ்போ தம்பி, நீங்கள் எழுதினதை வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வேலியில் "டக்" இன்னும் கேட்கிறது.

---

மூக்கனேரி மாலை | மார்ச் 12

அண்ணா, ஒரே ஒரு வேண்டுகோள். ஓடையில் தண்ணீர் எந்தத் தேதியில் நிற்கிறது என்பதையும் இனி தனிப் பத்தியாக எழுதுங்கள், காப்பியைப் பூக்க வைக்கிற பூ மழை எப்போது பெய்தது என்பதையும். எஸ்டேட் கணக்கில் மழை அளவு எப்படியும் இருக்குமே. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

---

ஓடைக்கரை | ஏப்ரல் 27

மழைக் கணக்கு இருக்கிறது மேடம், பழைய லெட்ஜரில் பதினோரு வருடத்துக்கு. ஒரு ஞாயிறு வேண்டும், எடுத்துப் போடுகிறேன்.

குட்டையில் வாலாட்டியைக் கடைசியாகப் பார்த்தது மார்ச் 30. ஏப்ரல் 1, 3, 6 போனேன், தேடினேன், இல்லை. நாகலூர்ப் பெண் சொன்ன பக்கவாட்டு வாலாட்டியை ஏப்ரல் 9 அன்று எங்கள் தோட்டத்திலும் பார்த்தேன், மிளகுக் கொடிக்கு அடியில்.

எஸ்போ தம்பிக்கு: வேலியில் ஏப்ரல் 22 காலை ஆறு ஐம்பதுக்குக் கேட்டேன், ஏழு எட்டுத் தரம். 23, 24, 25, 26, இன்றைக்கு, தினமும் அரை மணி நேரம் நின்றேன். கேட்கவில்லை. கிளம்பிவிட்டது என்று நினைக்கிறேன், இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

அம்மாப்பேட்டை எஸ்போ | மே 29

நேற்று ராத்திரி பதினொன்றரை, அதே ஓடையோரம், அதே மாதிரிப் புதர். டக்… டக்.